பாயும் நாய்க்கும் பக்குவம் வேண்டும்!

ஊரிகம்:

"நாய் ஓடுவதற்கென்றே பிறந்த பிராணி. அதற்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? கால் நொண்டினால் நாலு நாளில் தானே சரியாகிவிடும்."

தங்கவயலில் நாய் வளர்க்கும் பலரும் சொல்வது இது. அந்த நாலு நாள் நாலு மாதமாகி, நாய் மூன்று காலில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். அதற்குள் வலிக்கும் காலின் தொடைச் சதை கரைந்து, கால் குச்சியாகிவிடுகிறது.

ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் லைன் வீடுகளில் நாய் இல்லாத வரிசை கிடையாது. முன்பு இருந்தவை எல்லாம் தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தவை. லைனுக்கு ஒரு நாய் காவல் இருக்கும். எல்லார் வீட்டு மீதிச் சோறும் அதற்குத்தான். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு இங்குள்ள பிள்ளைகள் விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு வீடு திரும்புகிறார்கள். கையில் நாலு காசு புரளும்போது சிலர் லாப்ரடார், அல்சேஷன், டாபர்மேன் குட்டிகளை வாங்கி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மைதானத்து ஓரத்தில் கம்பு நட்டு, லாரி டயரைத் தொங்கவிட்டு, நாயைத் தாண்ட வைக்கிறார்கள். செல்போனில் வெளிநாட்டுப் போட்டிகளைப் பார்த்து வந்த ஆசை அது.

நல்ல பொழுதுபோக்குதான். சீட்டுக் கச்சேரியைவிடவும் சாராயக் கடையைவிடவும் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்தப் போட்டிகளில் கண்ணுக்குத் தெரிவது பாய்ச்சல் மட்டும்தான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடக்கும் தயாரிப்பும், அடிபட்ட பிறகு செய்யும் சிகிச்சையும் படத்தில் வருவதில்லை.

லண்டனில் பிறந்த விளையாட்டு

நாயைத் தடை தாண்ட வைக்கும் இந்தப் போட்டிக்கு 'அஜிலிடி' என்று பெயர். சுறுசுறுப்பு என்று பொருள் சொல்லலாம். 1978-ம் ஆண்டு லண்டனில் 'கிரப்ட்ஸ்' என்ற பெரிய நாய்க் கண்காட்சி நடந்தபோது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போய்விடாமல் இருக்க ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும் என்று நினைத்தார்கள். ஜான் வார்லி என்ற கமிட்டி உறுப்பினரும் பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரும் சேர்ந்து, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்க்கு ஒன்று அமைத்தார்கள். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. 1980-ல் இங்கிலாந்து கென்னல் கிளப் அதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 1996 முதல் உலகப் போட்டியே நடக்கிறது.

மைதானத்தில் தாண்டுகம்புகள், தொங்கும் வளையம், கூரை போல் சாய்ந்த ஏறுபலகை, நெஞ்சளவு உயரத்தில் ஒடுக்கமான நடைபலகை, சீசா பலகை, துணிக் குகை, வரிசையாக நட்ட 12 கம்புகள் இருக்கும். நாய் அந்த 12 கம்புகளுக்கு நடுவே பாம்பு போல் வளைந்து வளைந்து ஓடும். எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிற நாய்களும் உண்டு. பக்கத்தில் ஓடி வரும் எஜமானர்தான் மூச்சு வாங்குவார்.

அடிபடுவது எத்தனை நாய்கள்? இந்த விளையாட்டில் ஈடுபட்ட 3,801 நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 32 நாய்கள் ஒரு முறையாவது அடிபட்டிருந்தன. அதிகம் அடிபட்டது தோள்பட்டை. அதற்கடுத்து முதுகு. இத்தனைக்கும் அவை நல்ல தீனி தின்று, தேர்ந்த பயிற்சியாளரிடம் பழகிய நாய்கள். நம் மைதானத்து ஓரத்தில் கட்டாந்தரையில் குதிக்கும் நாயின் கதையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தோள் ஏன் முதலில் போகிறது?

மனிதனுக்குக் கையை உடம்போடு இணைக்கக் காரை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அது பெயரளவுக்குத்தான். நாயின் முன்னங்கால் எலும்பால் உடம்போடு பூட்டப்படவில்லை. சதையாலும் நாராலும் தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஓடும்போது கால் எட்டி விழ அது வசதி. ஆனால் குதித்து இறங்கும்போது முழு அதிர்ச்சியும் சதை மேலேயே விழுகிறது.

எடைக் கணக்கைப் பாருங்கள். நாய் சும்மா நிற்கும்போதே உடம்பின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களில் இருக்கிறது. 30 கிலோ நாய் என்றால் ஒவ்வொரு முன்னங்காலும் 9 கிலோவும், ஒவ்வொரு பின்னங்காலும் 6 கிலோவும் தாங்குகிறது. கம்பியைத் தாண்டி முன்னங்காலில் இறங்கும்போது அந்த 9 கிலோ பல மடங்காகிறது. ஒரு நாளில் 50 முறை தாண்டினால் 50 முறை அந்த அடி விழுகிறது.

பின்பக்கம் வேறு கதை. எம்பிக் கிளம்புவது பின்னங்கால் வேலை. இடுப்பிலிருந்து தொடைக்கு வரும் உள்சதை அங்கே சுளுக்கிக்கொள்கிறது. சட்டென்று திரும்பும்போது முழங்காலுக்குள் இருக்கும் குறுக்கு நார் கிழிகிறது. நாய்கள் பின்னங்காலில் நொண்டுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த நார்க் கிழிசல். கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை வாலிபர்களில் எத்தனை பேர் இதே முழங்கால் நார் கிழிந்து ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள்!

ஒரே பக்கமாகத் திருப்பிப் பழக்குவதும் கெடுதல். கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயங்களில் நாய்கள் எப்போதும் இடது பக்கமாகவே வட்டம் சுற்றும். அந்த நாய்களுக்கு வலது பின்னங்கால் குதி மூட்டில் உள்ள சிறு எலும்பு உடைவது வழக்கமான காயம் என்று கால்நடை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். வளைவில் வெளிப்பக்கக் கால் படும் பாடு அது. ஆகவே வலம் எத்தனை சுற்றோ, இடமும் அத்தனை சுற்று.

வேலைக்குப் போகும் நாய்கள்

நம் நாட்டில் இந்த விளையாட்டு இன்னும் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் இதே தடைகளைப் பிழைப்புக்காகத் தாண்டுகிற நாய்கள் எத்தனையோ உண்டு. அவைதான் போலீஸ் நாய்களும் ராணுவ நாய்களும்.

தமிழ்நாடு போலீசில் மோப்ப நாய்ப் படை 1951-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ராணுவம் 1960-ல் மீரட் நகரில் நாய்ப் பயிற்சியைத் தொடங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு குவாலியர் பக்கம் தேகன்பூரில் பள்ளி இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூர் புறநகரான தரலுவில் உள்ளது. காட்டுக்குள் நாள் முழுவதும் நடக்க வேண்டிய பெல்ஜியம் மாலினாய் நாய்கள் அங்கே தயாராகின்றன. எங்கள் ரெயில்வே பாதுகாப்புப் படைக்குக் கோவைக்கு அருகே போத்தனூரில் நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக முகர்ந்துகொண்டு போகிறதே, அந்த நாய் ஒரு ரெயிலைச் சோதித்து முடிப்பதற்குள் எத்தனை படி ஏறி எத்தனை படி இறங்குகிறது என்று யாராவது எண்ணியதுண்டா?

2020-ம் ஆண்டு கர்நாடகத்தில் தாவணகெரே போலீசின் 'துங்கா' என்ற டாபர்மேன் பெண் நாய், கொலையாளி போன வழியைப் பிடித்துச் சுமார் 12 கிலோ மீட்டர் ஓடி ஆளைக் காட்டிக் கொடுத்தது. அன்றைய பத்திரிகைகள் எல்லாம் அதன் மூக்கைப் புகழ்ந்தன. எனக்கு வியப்பளித்தது அதன் கால். மூக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், மூன்றாவது கிலோ மீட்டரில் கால் நொண்டியிருந்தால் அந்த வழக்கு அங்கேயே நின்றிருக்கும்.

2023 பிப்ரவரியில் துருக்கி நாட்டில் பூகம்பம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு போன ஜூலி, ரோமியோ என்ற லாப்ரடார் நாய்கள், இடிபாட்டுக்குள் உயிரோடு கிடந்த 6 வயதுச் சிறுமியைக் கண்டுபிடிக்க உதவின. நொறுங்கிய கான்கிரீட் மேல் கால் வைத்து, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில் நுழைந்து, ஆடும் பலகையில் நிலை தவறாமல் நிற்பது லேசா? லண்டனில் விளையாட்டாகச் செய்யும் அதே வேலை அங்கே ஒரு குழந்தையின் உயிர். பாறை வெடித்துச் சரிந்த சுரங்கத்துக்குள் ஆளைத் தேடிப் போன மனிதர்கள் வாழ்ந்த ஊர் இது. இடிபாட்டில் ஒரு அடி தவறினால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகள் மோப்ப நாய் பராமரித்தவர். பெயர் வேண்டாம் என்றார். அவர் சொன்னது:

"காலையில் நாயைக் கூண்டிலிருந்து வெளியே விட்டதும் முதல் வேலை ஓட்டம் இல்லைங்க. கை போடுறதுதான். கழுத்துல ஆரம்பிச்சு வால் வரைக்கும், அப்புறம் நாலு காலும் விரல் விரலாத் தடவிப் பார்க்கணும். எங்கே சூடு, எங்கே வீக்கம், எங்கே தொட்டா வெடுக்குனு திரும்புதுன்னு கைக்குத் தெரியும். தெரியலைன்னா நீங்க நாய்க்காரர் இல்லை, கயிறு பிடிக்கிறவர். நாய் வாய் திறந்து வலிக்குதுன்னு சொல்லாது. நம்ம மேல இருக்கிற பிரியத்துல வலியோடயே ஓடும். அதுதான் கஷ்டம்."

நொண்டுவதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாயை நடக்கவிட்டால் நொண்டல் மறைந்துவிடும். பாய்ந்து ஓடினாலும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே, தாளம் தப்பாத சிறு ஓட்டமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜட்கா வண்டிக் குதிரை ஓடுமே, அந்த ஓட்டம். சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஒருவர் நாயோடு ஓட, இன்னொருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும்.

முன்னங்காலில் வலி இருந்தால் தலையைப் பாருங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை கீழே தாழும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள் உண்டு!

பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். முழங்காலில் கோளாறு உள்ள நாய் நேராக உட்காராது. ஒரு காலை வெளியே ஒதுக்கி நீட்டிக்கொண்டு, ஒருக்களித்து உட்காரும். அடிபட்டது வெளியே தெரியாவிட்டாலும் வேறு சில சாடைகள் இருக்கின்றன. நேற்றுவரை தாண்டிய கம்பியை இன்று சுற்றிக்கொண்டு போவது, படி ஏறுமுன் தயங்குவது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது, தூக்கம் விட்டு எழும்போது விறைப்பாக இருப்பது. "திமிர் பிடித்துவிட்டது" என்று சொல்லி அடிக்கிறோம். வலி என்று நினைப்பதில்லை.

குதிரையிலிருந்து நாய்க்கு

பிராணிகளுக்குப் பிசியோதெரபி என்றால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மனுஷனுக்கே இல்லை, நாய்க்கா என்பார்கள். இது குதிரையில் தொடங்கிய சங்கதி. இங்கிலாந்தில் சார்லஸ் ஸ்ட்ராங் என்ற பிசியோதெரபி நிபுணர் இருந்தார். மவுண்ட்பேட்டன் பிரபுவுக்குச் சிகிச்சை செய்தவர். அவர் சொல்லித்தான் போலோ குதிரைகளுக்கும் அதே முறையைச் செய்து பார்த்தார் ஸ்ட்ராங். மின்சாரம் கொண்டு சதையைச் சுருங்கி விரிய வைக்கும் முறை அது. மனிதனின் சதைக்கு வேலை செய்தது குதிரையின் சதைக்கும் வேலை செய்தது. பிறகுதான் நாய்க்கு வந்தது.

இன்று பெங்களூரிலும் சென்னையிலும் தனியார் நாய் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் தண்ணீர்த் தொட்டிக்குள் நடை இயந்திரமே வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் நாயை நிறுத்தித் தண்ணீர் விடுவார்கள். கீழே பெல்ட் மெதுவாக ஓடும். நாய் நடக்கும். தண்ணீர் முழங்கால் அளவு இருந்தால் கால்களில் விழும் எடை நூற்றுக்கு 85 பங்காகக் குறைகிறது. இடுப்பு அளவு வந்தால் 38 பங்குதான். அதாவது 30 கிலோ நாய் 11 கிலோ நாயைப் போல நடக்கிறது. ஆபரேஷன் செய்த கால் பயமில்லாமல் தரையை மிதிக்கிறது. சதை மீண்டும் ஊறுகிறது. தண்ணீர் மட்டத்தை வாராவாரம் இறக்கி இறக்கி, கடைசியில் நாயைத் தன் சொந்த எடையைச் சுமக்க வைக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நாயை ஏரியில் தள்ளிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பேத்தமங்கலம் ஏரி நம் குடிதண்ணீர். பழைய சுரங்கக் குழிகளில் தேங்கிய தண்ணீர் மனிதனுக்கும் நாய்க்கும் ஆகாது. மேலும் நீந்தும் நாய் பின்னங்காலை உதைத்து வாங்கும். ஆபரேஷன் புண் ஆறாத காலுக்கு அது கெடுதல். டாக்டர் சொன்ன பிறகே நீச்சல்.

நம் ஊர்க் கதை ஒன்று

ஊரிகத்துக்குப் பக்கத்து லைனில் ஒரு வீடு. மகன் கான்டிராக்ட் தொழிலாளி, இரவு ஷிப்ட். அவர் வளர்த்த லாப்ரடார் நாய்க்கு 34 கிலோ எடை, 4 வயது. பந்து பிடிக்கிற ஆசையில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்தது. பின்னங்கால் முழங்கால் நார் கிழிந்துவிட்டது. மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். காலைத் தூக்கியபடியே நின்றது. ஆபரேஷனுக்கு ஆகும் செலவைக் கேட்டபோது அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. "ஊசி போட்டு முடித்துவிடு" என்று சொன்னவர்கள்தான் லைனில் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரிசி விலை அவர்களுக்குத் தெரியும்.

அவர் கடன் வாங்கிப் பெங்களூரில் ஆபரேஷன் செய்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் மூன்று நாள், துணியில் சுற்றிய ஐஸ் கட்டி, ஒரு வேளைக்குப் பத்து நிமிடம். பிறகு நாயைப் படுக்கவைத்து, அந்தக் காலை மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டி, வலிக்காத அளவுக்கு 15 முறை, தினம் மூன்று வேளை. சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் கட்டி வெளியே. இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிட நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். ஓட்டம், படி, கட்டில் ஏறுதல் மூன்று மாதத்துக்குக் கிடையாது.

பகலில் மகன் தூங்க வேண்டும். ஆகவே செய்தது அவருடைய தாயார். வயது எழுபதுக்கு மேல். கடிகாரம் பார்த்து மூன்று வேளையும் கால் மடக்கிவிட்டார். தையல் நாடாவால் தொடையின் சுற்றளவை ஞாயிறுதோறும் அளந்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தார். இரண்டு தொடைக்கும் இருந்த வித்தியாசம் வாரத்துக்கு வாரம் குறைந்து வந்ததை அந்தத் தாளில் நானே பார்த்தேன். அவருடைய கணவர் பூமிக்கு அடியில் வேலை பார்த்து, முழங்காலும் நெஞ்சும் கெட்டு, காலமானவர்.

"எங்க வூட்டுக்காரருக்கு முட்டி போனப்போ தைலம் தேச்சிக்கினு படுத்துக்கினாரு தம்பி. இப்படி மடக்கு, இப்படி நீட்டு, இத்தனை நாள் நடக்காதேன்னு எண்ணிச் சொல்ல அப்போ ஆளு யாரு இருந்தாங்க? இந்த வாயில்லா ஜீவனுக்கு ஒருத்தர் எழுதிக் கொடுத்தாரு. நான் ஏன் செய்யாம இருக்கணும்?" என்றார் அவர்.

அந்த நாய் இன்று நாலு காலிலும் நடக்கிறது. மழைக் காலத்துக் காலை வேளைகளில் சற்று விறைப்பு இருக்கிறது. தொட்டி மேல் ஏற விடுவதில்லை.

காசில்லாப் பயிற்சி

அடிபடுமுன் நாயின் உடம்பைத் தயார் செய்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. துடைப்பக் கட்டைகள் ஆறு, செங்கல் பன்னிரண்டு இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டையையும் இரண்டு செங்கல் மேல் படுக்கையாக வைத்து வரிசையாக அடுக்குங்கள். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாயின் தோள் உயரம் அளவு இடைவெளி. நாயைக் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்திச் செல்லுங்கள். தாண்டக் கூடாது. ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தன் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்பதே பல நாய்களுக்குத் தெரியாது. முன்னங்கால் தாண்டியதும் பின்னங்கால் கட்டையைத் தட்டிவிடும். பத்து நாள் நடந்தால் தட்டாது. காலை எங்கே வைக்கிறோம் என்று அறிந்த நாய் மைதானத்திலும் தவறி விழாது.

அடுத்தது தோப்புக்கரணம். சிரிக்க வேண்டாம். உட்கார், எழுந்திரு, உட்கார், எழுந்திரு. நேராக உட்கார்ந்து நேராக எழ வேண்டும். ஐந்தில் தொடங்கிப் பத்து வரை போகலாம். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பழைய பஞ்சு மெத்தை இருந்தால் அதன் மேல் நாயை நிற்க வைத்து, தின்பண்டத்தைக் காட்டித் தலையை அப்படியும் இப்படியும் திருப்ப வைக்கலாம். அமுங்கும் இடத்தில் நிலை தவறாமல் நிற்க, வயிற்றுச் சதையும் முதுகுச் சதையும் வேலை செய்கின்றன. மேட்டில் மெதுவாக ஏற்றி நடத்துவது பின்னங்காலுக்கு நல்லது.

மேடு என்றதும் நம் ஊர் வாலிபர்களுக்கு நினைவு வருவது சயனைடு மேடு. மணல் மெத்தென்று இருக்கிறது, சரிவும் வாகாக இருக்கிறது என்று நாயை அங்கே ஓட்டிப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தங்கம் பிரித்த பிறகு ஆலை கொட்டிய கழிவு அது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூசிதான் ஊரெல்லாம் பறக்கிறது. நாயின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வேறு நக்கும். மண் சாலை மேடு எத்தனையோ இருக்க, அது எதற்கு?

எதற்கும் முன்னால் உடம்பைச் சூடாக்க வேண்டும். ஐந்து நிமிட நடை, மூன்று நிமிடச் சிறு ஓட்டம், நாலைந்து தோப்புக்கரணம், பிறகு தாழ்ந்த கம்பி. முடிந்ததும் அதேபோல் நடந்து ஆற வேண்டும். பத்து நிமிடம் கட்டிப் போட்டிருந்த நாயை அப்படியே அவிழ்த்து உயரத் தாண்ட விடுவதுதான் சதை கிழிவதற்குக் குறுக்கு வழி.

குட்டிகளைத் தாண்ட வைக்கவே கூடாது. எலும்பின் நுனியில் உள்ள வளரும் குருத்து மூடி இறுகச் சிறு ஜாதிகளுக்கு ஒரு வருடம் வரையும், அல்சேஷன், லாப்ரடார் போன்ற பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வருடம் வரையும் ஆகலாம். அதற்குள் உயரமாகக் குதித்து அந்தக் குருத்து நசுங்கினால் கால் வளைந்துவிடும். ஆறு மாதக் குட்டி மூன்றடி தாண்டுகிறது என்று பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

நேரம் விடியற்காலை அல்லது பொழுது சாய்ந்த பிறகு. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 106 போனால் உயிருக்கு ஆபத்து. வெயிலில் நாய் தள்ளாடினால் உடனே குளிர்ந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிவிட்டு, அதன் பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இடுப்பு தெரிய வேண்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, நாயைப் பன்றி போல் கொழுக்க வைத்தால் பயன் இல்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை 14 ஆண்டுகள் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான தீனியும், மற்றதற்கு அதில் கால் பங்கு குறைத்தும் கொடுத்தார்கள். குறைத்துத் தின்ற நாய்கள் ஏறத்தாழ 2 வருடம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டு வாதத்துக்கு மருந்து கொடுக்க வேண்டிய நிலையும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

நாயை மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். விலாவில் கை வைத்தால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். எடை பார்க்கத் தனி எந்திரம் வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். பார்சல் ஆபீசில் உள்ளவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்! நகம் வளர்ந்தாலும் கெடுதல்தான். நகம் தரையில் முட்டினால் விரல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நடையே மாறிவிடும். சிமெண்ட் தரையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நகம் வெட்டும் நாள் வந்துவிட்டது என்று பொருள்.

வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். நமக்குச் சாதாரணமான புரூபென், பாரசிட்டமால் மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். உயிரே போகலாம். டாக்டர் எழுதாத மாத்திரை கூடாது.

நொண்டல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நாய் காலைத் தரையில் வைக்கவே மறுத்தாலோ தாமதிக்க வேண்டாம். முதலில் உள்ளூர் அரசுக் கால்நடை ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, ஆபரேஷன் என்று போனால் பெங்களூர் ஹெப்பாலில் 1958 முதல் இருந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டுப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாய் நொண்டி ஓடுவதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டரைக் கண்டதும் பயத்தில் பல நாய்கள் நொண்டுவதை நிறுத்திவிடும்.

ரெயிலில் கொண்டு போவது பற்றி என்னிடம் கேட்கிறார்கள். நாயைப் பார்சல் ஆபீசில் புக் செய்து, பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்றலாம். முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரெயில்வேக்காரன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த நாயை நாய்ப் பெட்டியில் ஏற்றாதீர்கள். பெட்டி சிறியது, தரை இரும்பு, பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் நாய் காலை ஊன்றித்தான் நிற்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். பின் சீட்டில் மெத்தை போட்டு, தையல் போட்ட கால் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.